வேட்டுக்கு முன்னால் கூப்பிட்டவன்

செல்லக்கண்ணுவைப் பற்றிச் சொல்வதென்றால் அவன் தொண்டையிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஆளைப் பார்த்தால் ஒன்றுமில்லை. ஒல்லி, கறுப்பு, முன்பல் கொஞ்சம் தூக்கல், எந்தச் சட்டையைப் போட்டாலும் இரவல் வாங்கியது போலத் தெரியும். ஆனால் வாயைத் திறந்தான் என்றால் செந்துறை ரோட்டில் போகிற பஸ்காரர் பிரேக்கில் கால் வைப்பார். நான் அளக்கிறேன் என்று நினைப்பவர்கள் எழுபதுகளில் அரியலூர்ப் பக்கம் இல்லாதவர்கள். அவர்களிடம் எனக்குப் பேச்சில்லை.

அவனுக்குக் கூலி கிடைத்ததே அந்தத் தொண்டைக்குத்தான். அரியலூருக்கும் செந்துறைக்கும் நடுவே ஒரு சுண்ணாம்புக்கல் குவாரி. பாறையில் துளை போட்டு மருந்து அடைத்த பிறகு, திரியைக் கொளுத்துவதற்கு முன்னால், பள்ளத்தின் விளிம்பில் ஒருவன் நின்று கூப்பிட வேண்டும். "உள்ள யாராச்சும் இருக்கீங்களா?" என்று மூன்று தடவை. பதில் வந்தால் உள்ளே ஆள் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். உடனே கையிலிருக்கும் சிவப்புத் துணியைத் தலைக்கு மேலே தூக்குவான், வேட்டு நின்றுவிடும். பதில் வரவில்லை என்றால் கொளுத்துவார்கள். இதனால் குவாரி ஆட்களுக்கு ஒரு பழக்கம் ஊறிப் போயிருந்தது. அந்தக் கூப்பாடு காதில் விழுந்தால் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். மேலே பத்திரமாக நிற்கிறவன் விளையாட்டுக்குக்கூட ஓய் என்று சொல்லக் கூடாது. அப்படிச் சொன்ன ஒருவனை மேஸ்திரி விரட்டி விரட்டி அடித்ததை நானே பார்த்திருக்கிறேன்.

நான் தர்மன். அரியலூரில் வெல்டிங் பட்டறை வைத்திருந்தேன். குவாரித் தொட்டிவண்டிகள் உடைந்தால் ஒட்டிக் கொடுக்கப் போவேன். அப்படித்தான் அவனோடு பழக்கம்.

எழுபத்தாறில் ஒரு நாள் செல்லக்கண்ணு வழக்கம்போலக் கூப்பிட்டான். பதில் இல்லை. கொளுத்தினார்கள். கொளஞ்சி என்பவன், செல்லக்கண்ணுவோடு ஒரே தூக்குவாளியில் சாப்பிடுகிறவன், காய்ச்சல் அடித்து ஒரு பாறையடி நிழலில் தலையோடு காதோடு துண்டைப் போர்த்திக்கொண்டு தூங்கிப் போயிருக்கிறான். அந்த வேட்டோடு போய்விட்டான். செல்லக்கண்ணு மேல் குற்றமில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். மேஸ்திரி சொன்னார், விசாரிக்க வந்தவர்கள் சொன்னார்கள், கொளஞ்சியின் அப்பாவே வீடு தேடி வந்து சொன்னார். அதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில், வேலையே இல்லாத நாளில், காலிப் பள்ளத்தின் விளிம்பில் நின்று கூப்பிட ஆரம்பித்தான். மூன்று தடவையோடு நிறுத்தவும் மாட்டான். பைத்தியம் பிடித்துவிட்டது என்று அவன் அம்மா பாப்பாயி என்னிடம் வந்து அழுதது. எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

அந்தக் கூப்பாட்டைப் பாட்டு என்று சொன்ன ஒரே மனுஷர் ஞானப்பிரகாசம் சார். வரதராஜன்பேட்டைக்காரர், எங்கள் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். மாற்றலாகிப் போன ஒரு பாதர் விட்டுச் சென்ற கிட்டார் அவரிடம் இருந்தது. கோயில் பாடகர் குழுவில் அதை வாசித்து வாசித்து அலுத்துப் போயிருந்தார். ஒரு ஞாயிறு அவர் வந்த பஸ் குவாரிக்கு அருகில் பஞ்சராகி நின்றபோது கூப்பாட்டைக் கேட்டு, வேட்டி முள்ளில் கிழிய, பள்ளத்தடிக்கு வந்துவிட்டார். அன்றைக்கு நானும் அவனை வீட்டுக்குக் கூட்டிப்போக அங்கே நின்றிருந்தேன்.

"இந்தக் கொரல வச்சிக்கிட்டு கல்லுகிட்டயா கத்துறீங்க?" என்றார்.

"பாட்டெல்லாம் வராதுங்க சார். கூப்பிடத்தான் வரும்."

"அப்ப கூப்பிடுங்க. நான் கூட வாசிக்கிறேன்."

இப்படித்தான் எங்கள் குழு ஆரம்பித்தது. சார் கிட்டார், செல்லக்கண்ணு குரல். நான் தாளம். பள்ளிக்கூட பேண்டு செட்டில் கழித்துப் போட்ட பெரிய டிரம் ஒன்றைச் சார் கேட்டு வாங்கித் தந்தார். அதைக் காலால் அடிக்க ஒரு மிதி வேண்டியிருந்தது. என் மாமியாரின் தையல் மெஷினிலிருந்து மிதிகட்டையைக் கழற்றிப் பற்றவைத்தேன். மாமியார் அதற்கப்புறம் என்னிடம் பேசியதே என் மகள் பிறந்த பிறகுதான். நாலாவது ஆள் வேணுகோபால் அண்ணன், அரியலூரில் மைக் செட் வைத்திருந்தவர். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் குழாய் கட்டுகிறவர். கிட்டாரின் ஓட்டைக்குள் ஒரு மைக்கைத் துணி சுற்றித் திணித்து, அந்தச் சத்தத்தைக் குழாய் ஸ்பீக்கரில் விட்டார். தகரத்தைத் தார் ரோட்டில் இழுத்துக்கொண்டு ஓடுவது போல வந்தது. அண்ணனுக்கு அவமானமாகப் போய்விட்டது. செட்டில் கோளாறு, சரிசெய்து தருகிறேன் என்றார். சார் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, இதுதான் வேண்டும், ஒன்றையும் தொடாதீர்கள் என்றார்.

அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் மெல்லிசைக் குழு இருந்தது. எங்களிடம் மெல்லிதாக ஒன்றுமே இல்லை என்பதால் டிரம்மின் முகப்பில் 'அரியலூர் வல்லிசைக் குழு' என்று வெள்ளைப் பெயின்டில் எழுதினேன். சினிமாப் பாட்டு பாடுவதில்லை என்று முடிவு செய்திருந்தோம். சார் பாட்டு எழுதுவார். கல் உடைப்பது, மூன்றாவது வருஷமாக மழை பொய்த்த புஞ்சை, ரேஷன் கடை வரிசை என்று நாங்கள் பார்த்ததெல்லாம் பாட்டில் இருக்கும். செல்லக்கண்ணு அவற்றில் பாதியைப் பாடுவான், பாதியைக் கத்துவான். கடைசிப் பாட்டு மட்டும் அவன் சொந்தம். அதில் வரியென்று அதிகமில்லை. கிட்டார் மெதுவாக ஆரம்பிக்கும், நான் மிதியை மட்டும் மிதித்துக்கொண்டிருப்பேன், வேகம் ஏறி ஏறி ஓர் இடத்தில் எல்லாவற்றையும் சட்டென்று நிறுத்திவிடுவோம். அந்த அமைதியில் அவன் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டி, "உள்ள யாராச்சும் இருக்கீங்களா?" என்று கேட்பான். கேட்டுவிட்டுக் காத்திருப்பான். பதில் வராது. மறுபடி நாங்கள் இடிப்போம்.

ஆறேழு வருஷம் வாசித்தோம். ஏலாக்குறிச்சிப் பக்கத்துச் சின்னக் கிராமங்களின் கோயில் திருவிழாக்களில், செந்துறை சந்தைத் திடலில், ஒரு தடவை ஜெயங்கொண்டத்தில், ஒரு தடவை மழையில் நனைந்துகொண்டு மீன்சுருட்டியில். பெரும்பாலும் வர வேண்டிய குழு வராமல் போன மேடைகள்தான் எங்களுக்குக் கிடைத்தன. கூட்டத்திலிருந்து துண்டுச் சீட்டுகள் வரும், இந்தப் படத்திலிருந்து இந்தப் பாட்டு, அந்தப் படத்திலிருந்து அந்தப் பாட்டு என்று. செல்லக்கண்ணு ஒவ்வொன்றையும் மரியாதையாக வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அடுத்ததாக ரேஷன் கடைப் பாட்டை ஆரம்பிப்பான். மண் கட்டி விழுந்திருக்கிறது. ஒரு ஊரில் ஜெனரேட்டரை நிறுத்திவிட்டார்கள். செல்லக்கண்ணு மைக் இல்லாமலே மிச்சப் பாட்டைப் பாடி முடித்தான், குளத்தின் அந்தக் கரைவரை கேட்டதாகப் பிறகு சொன்னார்கள்.

அவனுடைய அண்ணன் அங்கமுத்துவுக்கு எங்களைக் கண்டாலே ஆகாது. ஊரில் தலைநிமிர்ந்து நடக்க முடியவில்லை என்று பொருமுவான். தம்பி மேடை ஏறி ஒரு நாள்கூட அவன் பார்த்ததில்லை. எண்பதில் சவுதிக்கு, பாலைவனத்தில் ரோடு போடுகிற கம்பெனிக்குப் போனான். போகும்போதும் தம்பியிடம் முகம் கொடுக்கவில்லை. அவன் நல்லவன்தான், குடும்பத்துக்காக உழைத்தவன். ஆனாலும் அந்த ஒரு விஷயத்தில் நான் அவனை மன்னிக்கவில்லை.

பெரம்பலூரில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் வாசித்தபோது, செல்லக்கண்ணு அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுக் காத்திருந்தான். பின்வரிசையிலிருந்து ஒருவன், "யாரும் இல்ல, நீயும் போ" என்றான். மைதானமே சிரித்தது. செல்லக்கண்ணுவும் சிரித்தான். திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, சட்டைப் பையிலிருந்த துண்டுச் சீட்டுகளை ஒவ்வொன்றாக வெளியே விட்டுக்கொண்டே வந்தான்.

எங்களை வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்து கேட்ட கூட்டம் என்றால் அது ஒன்றே ஒன்றுதான். எண்பத்தொன்று பொங்கலுக்குக் குவாரி ஆட்கள் தங்கள் குடியிருப்பில் எங்களை வாசிக்கச் சொன்னார்கள். இருமல்கூட இல்லை. கல் உடைக்கிற பாட்டுக்குச் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இன்றைக்குப் பதில் வரும் என்று நான் நம்பினேன். கடைசிப் பாட்டில் அவன் கேட்டான். அத்தனை பேரும் அப்படியே சிலையாக உட்கார்ந்திருந்தார்கள். குழந்தைகளின் வாயைத் தாய்மார்கள் பொத்தினார்கள். பாட்டு முடிந்ததும் முன்வரிசையிலிருந்த வயதான தொழிலாளி ஒருவரிடம் போய் நான் சண்டை பிடித்தேன். ஒரு வார்த்தை, இருக்கோம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்றேன். அவர் பாவம், சங்கடப்பட்டு, "அந்தக் கூப்பாட்டுக்கு வாயத் தொறந்து பழக்கமில்லீங்களே" என்றார்.

நான் இதைச் செல்லக்கண்ணுவிடம் சொன்னேன். அவன் டிரம்மைக் கட்டிக்கொண்டிருந்தான், நிமிரவில்லை.

"எனக்குக் கூட்டமெல்லாம் வேணாம் தர்மா. ஒரே ஒருத்தரு பதில் சொன்னாப் போதும். வேட்ட நிறுத்திப்புடுவேன்."

அப்போதுதான் அவன் யாரைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறான் என்று எனக்கு முழுதாக உறைத்தது. அந்தப் பாட்டை அதற்கப்புறம் என்னால் கண்ணை மூடாமல் வாசிக்க முடிந்ததில்லை.

எண்பத்துமூன்று கோடை விடுமுறையில் சாரின் பள்ளிக்கூட ஹாலில், பெஞ்சுகளை ஓரமாக அடுக்கிவைத்துவிட்டு, வேணு அண்ணனின் டேப் ரெக்கார்டரில் எங்கள் பாட்டுகளை ஒரு கேசட்டில் எடுத்தோம். இரண்டு பக்கமும் நிரம்பியது. இரண்டாவது பக்கத்தின் கடைசியில் செல்லக்கண்ணுவின் பாட்டு. கேசட்டின் முதுகில் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் தகடுகள் இருக்கும், அவற்றை உடைத்துவிட்டால் மேலே வேறெதையும் பதிய முடியாது. வேணு அண்ணன் ஸ்குரூ டிரைவரால் இரண்டையும் நெம்பி எடுத்துவிட்டு, இனி எமனே வந்தாலும் இதை அழிக்க முடியாது என்றார். திருச்சிக்குப் போய் நூறு பிரதி போட்டு டீக்கடைகளிலும் பஸ்களிலும் கொடுப்பது என்று திட்டம். கேசட்டைச் செல்லக்கண்ணுவிடமே வைத்திருக்கச் சொன்னோம், குரல் அவனுடையது என்பதால்.

திருச்சிக்குப் போகவே இல்லை. அந்த ஆவணியில் அவன் குரல் கரகரத்தது. வெந்நீர், மிளகு, சித்தரத்தை என்று நாட்கள் போயின. தொண்டையில் புற்று, பீடியாலும் குவாரித் தூசியாலும் இருக்கலாம் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஊரில், கத்திக் கத்தியே கெடுத்துக்கொண்டான் என்றார்கள். ஊர்வாயை மூட என் பட்டறையில் தகரம் கிடையாது. குரல்வளையை எடுத்தால் உயிர் தங்கும் என்றார் டாக்டர். செல்லக்கண்ணு எங்கள் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். சார் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். பாப்பாயி அம்மாதான், புள்ள இருந்தாப் போதும்னு சொல்லிடுங்க என்று என் கையைப் பிடித்தது.

உயிர் தங்கியது. கழுத்தில் ஒரு துளை, அதை மறைத்து எப்போதும் ஒரு சிவப்புத் துண்டு. அதை அவன் யார் முன்னாலும் எடுக்க மாட்டான், என் முன்னாலும்கூட. பேச்சு என்பது உதட்டசைவும் கைஜாடையும் கொஞ்சம் காற்றும்தான். குவாரியில் கூப்பிடுவதற்குப் பதிலாக மின்சாரச் சங்கு வைத்துவிட்டார்கள். அவனுக்கு ரோட்டோரம் கொடி காட்டும் வேலை கொடுத்தார்கள். சாருக்கு வேறு ஜில்லாவுக்கு மாற்றல் வந்தது, போய்விட்டார். ஒரு குழு உடைவதென்றால் அதில் ஒரு சண்டையாவது இருக்கும். எங்களுக்கு அதுகூட வாய்க்கவில்லை. டிரம்மை நான் பட்டறைப் பரணில் ஏற்றினேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அவன் கேசட்டை எடுத்துக்கொண்டு வேணு அண்ணன் கடைக்கு வருவான். அண்ணன் கதவைப் பாதி சாத்திவிட்டுச் சன்னமாகப் போடுவார். தன் குரல் வரும் இடங்களில் செல்லக்கண்ணுவின் உதடு அசையும். கை தானாகத் துண்டுக்கு மேல் போகும். நான் அந்த நேரத்தில் ஏதாவது வேலை சொல்லி வெளியே வந்துவிடுவேன், பார்க்கச் சகிக்காது.

எண்பத்தாறு ஐப்பசியில் பாப்பாயி அம்மாவுக்கு மஞ்சள் காமாலை. பார்க்கப் போயிருந்தேன். அன்று முற்பகலில் மீன்சுருட்டிக்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். அங்கமுத்துவோடு சவுதியில் வேலை பார்ப்பவர், லீவு முடிந்து திரும்புகிறார். கையில் பெரிய டேப் ரெக்கார்டர். அப்போதெல்லாம் சவுதிக்குக் கேசட்டில் பேசி அனுப்புவதுதான் வழக்கம். ஒரு பக்கம் இங்கிருந்து பேசி அனுப்புவார்கள், மறுபக்கம் அங்கிருந்து பேசி அதே கேசட்டைத் திருப்பி அனுப்புவார்கள். அம்மா குரலைக் கேட்டு வருஷக் கணக்காகிறது, எப்படியாவது பேச வைத்து வாங்கி வா என்று அங்கமுத்து சொல்லி அனுப்பியிருக்கிறான். மீன்சுருட்டிக்காரர் கொண்டுவந்த கேசட்டுகள் எல்லாம் மற்ற வீடுகளிலேயே தீர்ந்துவிட்டன. மத்தியானப் பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். செந்துறையில் அன்று பார்த்துக் கடையடைப்பு.

செல்லக்கண்ணு உள்ளே போனான். திரும்பி வந்தபோது கையில் எங்கள் கேசட் இருந்தது.

எனக்கு முதலில் புரியவில்லை. சுவர்க் காலண்டரில் ஒரு தாளைக் கிழித்து, எச்சில் தொட்டு உருட்டி, கேசட்டின் முதுகிலிருந்த துளையில் அடைத்தான். அப்படி அடைத்தால் மறுபடி பதியலாம் என்பது வேணு அண்ணனே அவனுக்குக் காட்டிக் கொடுத்த வித்தை. ஒரு துளையோடு விடவில்லை. இரண்டையும் அடைத்தான். நான் அவன் மணிக்கட்டைப் பிடித்தேன். வாயில் வந்தபடி திட்டினேன். இது உன் சொத்து மட்டுமா, எங்கள் மூன்று பேர் உழைப்பும் இதில் இல்லையா, ஒரு வாரம் கழித்து வேறு ஆள் போகமாட்டானா என்றெல்லாம் கேட்டேன். அவன் என் கையை மெதுவாக எடுத்துவிட்டான். கட்டிலில் கிடந்த அம்மாவின் தொண்டையைக் காட்டினான். பிறகு தன் துண்டைத் தொட்டுக் கையை விரித்தான். அம்மாவினுடையது இன்னும் இருக்கிறது, என்னுடையது போய்விட்டது, அவ்வளவுதான். 

பாப்பாயி அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, அந்தப் பெட்டியைப் பார்த்துப் பேச ஆரம்பித்தது. எதிரே மகன் உட்கார்ந்திருப்பது போலவே பேசியது. சாப்பிடுறியாப்பா என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்கும். கண்ணு சொவமா என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கும். டேப் சும்மா ஓடிக்கொண்டே இருக்கும். சின்னவனுக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆனதை மட்டும் சொல்லவில்லை. தூர தேசத்தில் இருக்கிறவனுக்கு அந்தக் கவலை எதற்கு என்று முன்பே முடிவு செய்திருந்தார்கள். ஒரு பக்கம் முடிந்து பொத்தான் எகிறியது. மீன்சுருட்டிக்காரர் கேசட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார். அம்மா பேசி முடித்த முகத்தோடு படுத்துத் தூங்கியது. செல்லக்கண்ணு அதன் காலடியில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தான்.

வேணு அண்ணனிடம் சொன்னபோது அவர் அழவில்லை, திட்டவுமில்லை. இரண்டு நாள் கடையைத் திறக்கவில்லை. பிறகு எங்களுக்கு ஒரு நப்பாசை வந்தது. மறுபக்கம் இன்னும் அழியவில்லை. அங்கமுத்து ஊமைக் கோட்டான், என்ன பெரிதாகப் பேசிவிடப் போகிறான்? பத்து நிமிஷம் பேசினால் அதிகம். மிச்சப் பாட்டுகள் தப்பிவிடும், கடைசிப் பாட்டு நிச்சயம் தப்பிவிடும். இதை நாங்கள் வாரத்துக்கு ஒரு தடவை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம்.

எண்பத்தேழு சித்திரையில் மீன்சுருட்டிக்காரர் மறுபடி வந்தார். அம்மா தேறியிருந்தது. நானும் வேணு அண்ணனும் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கமுத்துவின் குரல் வந்தது.

"அம்மா, நீ கேட்ட எடத்துல எல்லாம் பதில் சொன்னேம்மா. இங்க எல்லாரும் சிரிச்சாங்க. நீ பேசுனது எனக்கு மனப்பாடமே ஆயிடுச்சு."

பாப்பாயி அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டது. குரல் தொடர்ந்தது.

"இந்தப் பக்கத்துல ஏதோ ஒரே எரைச்சலா இருந்துச்சு. ஸ்டேஷன் எடுக்காத ரேடியோ மாதிரி. அதுமேலதான் பேசுறேன். தம்பி ஏம்மா ஒரு வார்த்தகூடப் பேசல? எம்மேல இன்னும் கோவமா? அவன் கொரலக் கேட்டு எத்தன வருசமாச்சு. அடுத்த கேசட்டுல அவன ஒரு வார்த்த பேசச் சொல்லு."

அம்மா செல்லக்கண்ணுவைப் பார்த்தது, அவன் தரையைப் பார்த்தான். கேசட்டில் ஒரு பக்கம் முழுக்க அவன் தொண்டை கிழியக் கத்தியிருந்தான். அதை அழித்துவிட்டு அதன் மேலேயே, தம்பி ஏன் பேசவில்லை என்று அண்ணன் கேட்டிருக்கிறான். அங்கமுத்து மேல் எனக்கு அன்றைக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. அதே குரலில் இருந்த ஏக்கமும் காதில் விழுந்தது. அவனோடு வேலை பார்க்கும் ஒருவர் அடுத்துப் பேச ஆரம்பித்தார், தன் வீட்டுக்கு நலம் சொல்லச் சொல்லி. செல்லக்கண்ணு கையை நீட்டிப் பொத்தானை அமுக்கி நிறுத்தினான்.

மிச்சம் ஏதாவது இருக்கிறதா என்று மீன்சுருட்டிக்காரரிடம் வேணு அண்ணன் கேட்டார். அவர் பெருமையாக, ஒரு அங்குலம்கூட வீணாக்கவில்லை என்றார். நம்ம பக்கத்துப் பையன்கள் ஏழெட்டுப் பேரைக் கூப்பிட்டு ஆளுக்குக் கொஞ்சம் பேச வைத்தாராம். கடைசியில் அரும்பாவூர்ப் பையன் அரியமுத்து பேசி நிரப்பினானாம். அவர்கள் வீடுகளுக்கு இதைப் போட்டுக் காட்டினால் புண்ணியமாகப் போகும் என்றார். வேணு அண்ணன் எழுந்து வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார். செல்லக்கண்ணு மட்டும் சரி என்று தலையாட்டினான்.

அவன் நிஜமாகவே கிளம்புவான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வேணு அண்ணன் கடைக்கு வந்துகொண்டிருந்தவன், இப்போது ஊர் ஊராகப் போனான். என்னையும் இழுத்துக்கொண்டு போனான். அவனால் வாய் திறந்து விஷயம் சொல்ல முடியாதே. நான் முணுமுணுத்துக்கொண்டே போனேன். நம் பாட்டை அழித்தவர்களின் குரலை நாமே சுமந்து வீடு வீடாகப் போட வேண்டுமா என்று கேட்டேன். ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் அந்தக் குரல் வந்ததும் பெண்கள் பெட்டிக்குப் பக்கத்தில் நெருங்கி உட்காருவதையும், கைக்குழந்தையைத் தூக்கி அதன் காதை ஸ்பீக்கரில் வைப்பதையும் பார்த்தால் திட்ட வாய் வராது. செல்லக்கண்ணு எதிரே குந்தி உட்கார்ந்து அவர்கள் முகங்களையே பார்த்துக்கொண்டிருப்பான். எங்கள் கச்சேரிக்கு எந்த ஊரும் அப்படி உட்கார்ந்ததில்லை.

கடைசி வீடு அரும்பாவூரில், டேப்பின் அந்தக் கடைசிப் பகுதியை நாங்கள் அதுவரை போட்டுக் கேட்டதே இல்லை. பெரம்பலூரில் பஸ் மாறிப் போய்ச் சேரும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. அரியமுத்துவின் மனைவியும் அக்கம்பக்கத்தாரும் வாசலில் கூடிவிட்டார்கள். அவன் அம்மா பொன்னாயி கொல்லைப்பக்கம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தது. யார் வந்திருக்கிறார்கள், எதற்கு வந்திருக்கிறார்கள் என்று அதற்கு இன்னும் தெரியாது. கூப்பிடுகிறேன் என்று மருமகள் எழுந்தாள். அதற்குள் நான் ரெக்கார்டரை முழுச் சத்தத்தில் வைத்துப் பொத்தானை அமுக்கிவிட்டேன். அரியமுத்துவுக்கு முன்னால் பேசியவர் முடிக்கிற இடம் வந்தது. சரி, வச்சிடறேன், இந்தாடா அரியமுத்து, நீ பேசு என்றார். ரெக்கார்டரைக் கைமாற்றும்போது யாரோ பொத்தானைத் தவறாக அமுக்கியிருக்கிறார்கள், கொஞ்ச தூரம் எதுவும் பதியாமல் டேப் மட்டும் ஓடியிருக்கிறது. டக்கென்று ஒரு சத்தம். குழாயில் கிழிந்த எங்கள் கிட்டார் அரை மூச்சு கத்தி நின்றது. அதன் பின்னால் செல்லக்கண்ணுவின் குரல், பழைய குரல், முழுசாக, அந்தத் தெருவே கேட்கும்படி வந்தது.

"உள்ள யாராச்சும் இருக்கீங்களா?"

"இருக்கோம், இருக்கோம்" என்று வீட்டுக்குப் பின்னாலிருந்து பொன்னாயி பதில் சொன்னது. "உள்ள வாங்க. இதோ வந்துட்டேன்."

மறுபடி டக்கென்று சத்தம். அம்மா, நான் அரியமுத்து பேசுறேன் என்று பையனின் குரல் ஆரம்பித்தது. எனக்கு அது காதில் ஏறவில்லை. செல்லக்கண்ணு எழுந்து நின்றிருந்தான். என் முன்னால்கூட எடுக்காத அந்தச் சிவப்புத் துண்டைக் கழுத்திலிருந்து உருவித் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தான், வேட்டை நிறுத்துகிறவன் தூக்குவது போல. அத்தனை பேர் நடுவில் அவன் கழுத்துத் துளை வெயிலில் தெரிந்தது. அவன் உதடுகள் அசைந்தன. கொளஞ்சி என்றுதான் அசைந்தன, எனக்குத் தெரியும். நான் வாய்விட்டு அழுதேன்.

பொன்னாயி ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு முன்பக்கம் வந்தது. கூட்டத்தையும், துண்டைத் தூக்கிப் பிடித்து நிற்பவனையும், அழுகிற என்னையும் பார்த்துத் திகைத்து நின்றது.

"யாருங்க கூப்புட்டது?"

"இவருதாம்மா கூப்புட்டாரு" என்றேன்.